ட்ரைக் என்னும் மூவுருளி

மூன்று சக்கர மோட்டார் சைக்கிளை ‘ட்ரைக்’ என்று இப்போது தமிழிலும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ‘ட்ரைசைக்கிள்’ என்பதன் சுருக்கம் அது. 1820களில் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனபோது அந்தச் சொல் குதிரை இழுக்கும் மூன்று சக்கர வண்டியைக் குறித்தது. மிதிகட்டையும் மோட்டாரும் பிற்பாடுதான் அந்தப் பெயருக்குள் ஏறிக்கொண்டன.

பிரித்துப் பார்த்தால் ‘ட்ரை’ என்பது மூன்று. ‘சைக்கிள்’ என்பது வட்டத்தையும் சக்கரத்தையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘குக்லோஸ்’. வடமொழியின் ‘சக்ர’ இதே வேரில் கிளைத்தது. ஆகவே ட்ரைசைக்கிளும் முச்சக்கரமும் ஒரே பொருள் என்பதோடு, அவற்றின் பின்பாதிகள் ஒன்றுக்கொன்று உறவும் ஆகும்.

தமிழுக்குச் சக்கரத்தைச் சொல்லத் தனிச் சொற்கள் ஏராளம்: ஆழி, திகிரி, உருள், உருளை. இவற்றோடு இன்று நாம் மறந்தேபோன ஒன்றும் உண்டு. அது ‘கால்’. குறளில் வரும் ‘கால்வல் நெடுந்தேர்’ வலிய சக்கரங்களை உடைய தேர். பட்டினப்பாலையில் வரும் இந்த இரண்டு அடிகளை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை:

‘பொற்காற் புதல்வர் புரவியின்று உருட்டும்
முக்காற் சிறுதேர் முன்வழி விலக்கும்.’

காவிரிப்பூம்பட்டினத்தில் காயவைத்த தானியத்தைக் கொத்த வரும் கோழியைப் பெண்கள் தங்கள் கனத்த காதணியை எறிந்து விரட்டுகிறார்கள். முற்றத்தில் கிடக்கும் அந்தக் குழை, பொன் அணிந்த காலோடு பிள்ளைகள் உருட்டிவரும் சிறுதேரைத் தடுக்கிறது. முதல் அடியில் கால் என்பது பாதம், அடுத்த அடியில் சக்கரம். அந்தத் தேருக்கு மூன்று சக்கரம். ‘புரவியின்று’, அதாவது குதிரை கிடையாது. கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29 அன்று காப்புரிமைக்குப் பதிவு செய்த மோட்டார் வண்டியும் குதிரையில்லாத முக்கால் தேர்தான். நான்கு சக்கர வண்டியின் முன்சக்கரங்களைத் திருப்ப அன்றிருந்த முறைகளில் அவருக்கு நிறைவில்லை. அதனால் முன்னால் ஒற்றைச் சக்கரத்தோடு நிறுத்திக்கொண்டார்.

இத்தனை அழகான ‘முக்கால்’ இன்று நமக்கு உதவாது. ‘முக்கால் வண்டி’ என்றால் கால்வாசி குறைந்த வண்டி என்றே காதில் விழும். ‘முச்சக்கர வண்டி’ என்பதை இலங்கைத் தமிழர்கள் ஆட்டோவுக்கு உரிமையாக்கிவிட்டார்கள். அதைப் பிடுங்க வேண்டியதில்லை. எஞ்சுவது ‘மூவுருளி’. மெய்யெழுத்தின் முன் ‘மு’ என்று குறுகும் மூன்று, உயிரெழுத்தின் முன் ‘மூ’ என்று நீளும்: முக்கனி, ஆனால் மூவுலகு. இருசக்கர வண்டிக்கு ‘ஈருருளி’ என்பதும் மோட்டார் சைக்கிளுக்கு ‘உந்துருளி’ என்பதும் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் இது அந்த வரிசையில் இயல்பாக உட்கார்ந்துகொள்கிறது.

ஆனால் எண்ணிக்கையை மட்டும் சொல்லும் பெயர் போதாது. இரட்டைச் சக்கரம் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்பதில்தான் இந்த வண்டியின் குணமே அடங்கியிருக்கிறது.

என் தங்கை மகள் நடை பழகிய மர நடைவண்டிக்கு முன்னால் ஒரு சக்கரம், அவள் கால்மாட்டில் இரண்டு. நேராகத் தள்ளும்வரை தொல்லையில்லை. திண்ணையோரம் வேகமாகத் திருப்பிச் சட்டென்று நின்றால், உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பும். வண்டி முன்மூலையில் கவிழும். மூன்று சக்கரங்களும் தரையைத் தொடும் இடங்களைக் கோட்டால் இணைத்தால் முக்கோணம் வரும். வளைவில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்புறமாகவும் வெளிப்புறமாகவும் தள்ளப்படுகிறது. ஒற்றைச் சக்கரம் முன்னால் இருந்தால் முக்கோணம் குறுகுவதும் அங்கேதான். மணலிலும் காட்டுப்பாதையிலும் ஓட்டவென்று வந்த இவ்வகை மூவுருளிகள் பலரைக் காயப்படுத்தின. 1988இல் அமெரிக்காவில் புதியவற்றின் விற்பனையே நின்றது. இரட்டைச் சக்கரம் முன்னால் இருந்தால் பாரம் அகலமான பக்கம் விழுகிறது. கனடாவில் உருவாகி 2007இல் வந்த கேன்-ஆம் ஸ்பைடர் அந்த அமைப்பை எடுத்துக்கொண்டது.

ஆங்கிலத்தில் முதல் வகைக்குக் கிரேக்க எழுத்தான ‘டெல்டா’வின் பெயர், இரண்டாவது வகைக்குத் தலைப்பிரட்டையின் பெயர். நமக்குக் கையிலேயே ஓர் எழுத்து இருக்கிறது: ஃ. மேலே ஒரு புள்ளி, கீழே இரண்டு. பழைய இலக்கணம் இதை ‘முப்பாற்புள்ளி’ என்றது. முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ளதை ‘ஆய்த மூவுருளி’ என்றும், மற்றதைத் ‘தலைகீழ் ஆய்த மூவுருளி’ என்றும் சொன்னால் பள்ளிப்பிள்ளைக்கும் படம் மனத்தில் வந்துவிடும்.

ஆய்த வகையில் எனக்குப் பிடித்தது ஹார்லி-டேவிட்சன் 1932 முதல் 1973 வரை செய்த ‘சர்வி-கார்’. பட்டறை ஆள் அதை ஓட்டிக்கொண்டு வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவார். அங்குள்ள காரின் பின்னால் அதைக் கோத்துவிட்டு, காரை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குத் திரும்புவார். ஒரே ஆள், இரண்டு வண்டிகள். 

இவை எல்லாம் சாயாத வண்டிகள். வளைவில் உடல் வெளியே தள்ளப்படும். ஈருருளி ஓட்டிப் பழகியவருக்கு முதல் நாள் கை குழம்பும். 2006இல் இத்தாலியின் பியாஜியோ கொண்டுவந்த எம்பி3 ஸ்கூட்டர் இதை மாற்றியது. முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் சட்டங்கள் இணைகரமாக அசைவதால், வளைவில் இரண்டும் ஓட்டுபவரோடு சேர்ந்தே சாய்கின்றன. சிக்னலில் நிற்கும்போது ஒரு பொத்தானை அழுத்தினால் சாய்வு பூட்டிக்கொள்ளும். காலை ஊன்றவே வேண்டாம். 2018இல் வந்த யமஹா நைக்கனும் இந்தச் சாயும் இனமே.

இந்த இனத்துக்கு நான் ‘சாய்மூவுருளி’ என்று எழுதுகிறேன். ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை: சாய்ந்த, சாய்கின்ற, சாயும் மூவுருளி.