கிட்னி பயாப்சி: எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்குப் போகும் துணுக்கு எங்கே கெடுகிறது?

சிறுநீரில் புரதம் கொட்டுகிறது, கால் வீங்குகிறது, பயாப்சியும் எடுத்தாயிற்று. சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குளோமருலஸ் (ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சு) பழுதில்லாமல் தெரிகிறது. மினிமல் சேஞ்ச் நோயில் இப்படித்தான். ஆனால் வடிகட்டும் சவ்வின் மேல் விரல் கோத்தாற்போல் உட்கார்ந்திருக்கும் போடோசைட் செல்களின் நீட்சிகள் தட்டையாகி இழைந்துபோயிருக்கும். அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளி 40 நானோமீட்டர் அளவுதான். ஒளி மைக்ராஸ்கோப்போ 200 நானோமீட்டருக்குக் கீழே தடுமாறிவிடும்.

அதனால்தான் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப். மெஷின் எத்தனை கோடி என்று விசாரிப்பவர்கள் உண்டு. ஊசியிலிருந்து இறங்கிய துணுக்கு எத்தனை நிமிடத்தில் எந்தக் குப்பியில் விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை. ரத்தம் நின்றதும் செல் தன்னைத்தானே அரிக்கத் தொடங்கிவிடும். மைட்டோகாண்ட்ரியா சில நிமிடங்களிலேயே ஊதிவிடும்.

வரும் துணுக்கு சேமியா கனம்தான். குளிர்ந்த சலைன் ஒரு சொட்டில் வைத்து, புது பிளேடால் இரு முனையிலிருந்தும் 1 மி.மீ. துண்டுகள் நறுக்க வேண்டும். ஃபோர்செப்ஸால் நசுக்கினால் அந்த இடம் போச்சு. காஜ் துணியில் வைத்தால் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். சலைனில் நறுக்கலாம், ஊறப்போடக் கூடாது. இம்யூனோஃப்ளோரசன்ஸுக்கான (ஆன்டிபாடி படிவுகளை ஒளிரவைத்துப் பார்க்கும் சோதனை) பகுதியை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள்; குளூட்டரால்டிஹைடு (திசு கெடாமல் நிலைநிறுத்தும் திரவம்) பட்ட பிளேடு அதைத் தொட்டால் அந்தச் சோதனை வீண்.

குப்பியில் இருக்க வேண்டியது 2.5 சதவீத குளூட்டரால்டிஹைடு. 100 மி.லி. தயாரிக்க: 25 சதவீத ஸ்டாக் 10 மி.லி., 0.2 மோலார் பாஸ்பேட் பஃபர் 50 மி.லி., காய்ச்சி வடித்த நீர் 40 மி.லி. பி.எச். 7.2 முதல் 7.4 வரை. மஞ்சளித்த பழைய ஸ்டாக்கைக் கொட்டிவிடுங்கள். இந்தத் திரவம் திசுவுக்குள் மிக மெதுவாகத்தான் ஊடுருவும். துண்டு 1 மி.மீ.க்கு மேல் போனால் வெளிப்புறம் நன்றாகவும் நடுப்பகுதி அழுகலாகவும் படம் வரும்.

அடுத்தது பயணம். கத்திரி வெயிலில் போரூரிலிருந்து கிளம்பும் பைக் பெட்டியை யோசித்துப் பாருங்கள். 4 டிகிரி வேண்டும் என்று ஐஸ் பேக் மேலேயே குப்பியைச் சாய்த்து வைப்பதும் தவறு. உறைந்தால் பனிப்படிகங்கள் சவ்வுகளைக் கிழித்துவிடும். ஃப்ரீசரில் கிடந்த மீன் கரைந்ததும் தொளதொளவென்று ஆகுமே, அதே கதை. நடுவில் தெர்மகோல் தகடோ சுருட்டிய துணியோ வையுங்கள்.

தவறி, சாதாரண மைக்ராஸ்கோப்புக்கான துணுக்கைப் போடும் ஃபார்மலினில் போட்டுவிட்டாலும் எறிய வேண்டாம், ஓரளவு மீட்கலாம். பாரஃபின் மெழுகில் பதித்த பிளாக்கிலிருந்தும் மீட்கலாம். ஆனால் பாரஃபின் வழியாக வந்த திசுவில் அடித்தளச் சவ்வு (மேலே சொன்ன வடிகட்டும் சவ்வு) உண்மையைவிட மெலிதாகத் தெரியும். அதை வைத்து ‘சவ்வு மெலிந்த நோய்’ என்று எழுதுவது ஆபத்து.

லேபில் சவ்வுகளை நிலைநிறுத்த 1 சதவீத ஆஸ்மியம் டெட்ராக்சைடு (இதன் ஆவி கண்ணையே பதம் பார்க்கும், ஃப்யூம் ஹுட் கட்டாயம்), பிறகு நீரை அகற்றப் படிப்படியாக ஆல்கஹால், பிறகு திசுவைப் பதித்துக் கெட்டியாக்க எபாக்ஸி ரெசின். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம் ரெசினுக்கு எதிரி. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலை அறைச் சூட்டுக்கு வருமுன் திறந்தால் உள்ளே ஈரம் இறங்கும். பிளாக் ரப்பர்போல் மெத்தென்று நின்றுவிடும், கத்தி இழுக்கும்.

முதலில் 1 மைக்ரான் சீவலை டொலுயிடின் ப்ளூ சாயத்தில் பார்த்து, நல்ல நிலையில் உள்ள குளோமருலஸ் இருக்கிறதா என்று உறுதி செய்வார்கள். தழும்பாகிப்போனது உதவாது. மெல்லிய சீவல் 60 முதல் 80 நானோமீட்டர்; தண்ணீரில் மிதக்கும்போது வெள்ளி நிறமாகவோ வெளிர் தங்கமாகவோ மின்னினால் சரி. படத்தில் மாறுபாடு தெரிய லெட் சிட்ரேட் சாயம் ஏற்றும்போது மூச்சுக்காற்றுப் பட்டாலே போதும், கார்பனேட் படிந்து படமெங்கும் மிளகுத்தூள் தூவினாற்போல் கரும்புள்ளி. தட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளைச் சுற்றி வைப்பது காற்றின் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்ளத்தான்.

ரெசின் இறுகுவதற்கு மட்டும் 60 டிகிரி அடுப்பில் 48 மணி நேரம். மறுநாளே ரிப்போர்ட் கேட்டு போன் செய்தால், பிளாக் அப்போதுதான் வெந்துகொண்டிருக்கும்.