இறுக்கிய வைஸ் ஏன் தானாகக் கழல்வதில்லை?

பட்டறை மேசையில் பொருளை இரண்டு தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் கருவி வைஸ். கோவை உக்கடம் பக்கத்துப் பழைய இரும்புக் கடைகளில் அது பெரும்பாலும் எடைதான். உடைந்த மோட்டார் மூடி, தேய்ந்த பல்சக்கரம், துருப்பிடித்த வைஸ் எல்லாம் ஒரே தராசில் ஏறும். நாலு அங்குலத் தாடை உள்ள நல்ல வைஸ் ஒன்று 15 கிலோவுக்குப் பக்கம் வரும். கிலோ விலையைப் பெருக்கிக் கொடுத்துவிட்டுத் தூக்கி வந்துவிடலாம். கடைக்காரருக்கு அது உருக்கப் போகிற வார்ப்பிரும்பு. வாங்குகிறவருக்கோ, அதே கனத்தில் புதிதாக வாங்கப் போனால் யோசிக்க வைக்கும் ஒரு கருவி. பழைய வைஸ் சேர்க்கும் பழக்கம் பலருக்கு இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது. அப்புறம் நிறுத்த முடிவதில்லை என்பது வேறு விஷயம்.

கொங்கு நாட்டில் இந்தச் சரக்குக்குப் பஞ்சமில்லை. 1888-ல் கோவைக்கு முதல் நூற்பாலை வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. பம்ப்செட், பவுண்டரி, லேத் பட்டறை எல்லாம் கூடவே வளர்ந்தன. ஒவ்வொரு மில்லிலும் பராமரிப்புப் பிரிவு என்று ஒரு கொட்டகை இருக்கும். அதில் வரிசையாக வைஸ்கள் இருக்கும். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளிலும், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வேலை நடக்கும் இடங்களிலும் அப்படித்தான். மில் மூடினால் இயந்திரங்களோடு இவையும் ஏலத்துக்குப் போய், கடைசியில் தராசுக்கு வந்து சேரும். துருவைச் சுரண்டிப் பார்த்தால் சிலவற்றில் ஷெஃபீல்டில் செய்த ரெக்கார்ட் நிறுவனத்தின் பெயர் தெரியலாம், அல்லது யார்க்‌ஷயரின் பார்க்கின்சன். ஜலந்தரில் செய்தவையும் நிறைய உண்டு. பெயரைப் பார்த்து மயங்குவதைவிட ஸ்குரூவைப் பார்த்து வாங்குவதே நல்லது என்பது என் கட்சி. வைஸின் வேலை முழுக்க அங்கேதான் நடக்கிறது.

ஸ்குரூ என்பது ஒரு கம்பியைச் சுற்றி ஏறும் சாய்தளம். கொல்லிமலைக்கு நேர் செங்குத்தாக எந்த லாரியும் ஏற முடியாது. ஆனால் 70 கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறிவிடுகிறது. தூரம் கூடுகிறது, இழுக்க வேண்டிய விசை குறைகிறது. ஸ்குரூவைச் சுற்றி ஓடும் மரை செய்வதும் இதையேதான்.

ஒரு சாதாரண வைஸை எடுத்துக் கணக்குப் போடுவோம். ஸ்குரூவைச் சுற்றும் ஹேண்டிலின் நுனி அதன் மையத்திலிருந்து 15 செ.மீ. தள்ளி இருக்கிறது. ஒரு சுற்று சுற்றினால் கை ஏறக்குறைய 94 செ.மீ. நகர்கிறது, தாடை நகர்வதோ 5 மி.மீ. தான். கை 188 மடங்கு அதிக தூரம் போகிறது என்றால், விசையும் 188 மடங்காக வேண்டும். நுனியில் 20 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால், தாடையில் 3,700 கிலோவுக்கு மேல் பிடி கிடைக்க வேண்டும்.

கிடைப்பது என்னவோ 600 கிலோ அளவில்தான். ஆறில் ஒரு பங்கு.

மீதியைத் தின்பது உராய்வு. அது இரண்டு இடத்தில் நடக்கிறது. ஒன்று, ஸ்குரூவின் மரையும் அது நுழையும் நட்டின் மரையும் உரசும் பரப்பு. மற்றொன்று பலர் கவனிக்காதது: ஸ்குரூவின் தலைக்குப் பின்னால் உள்ள தோள், நகரும் தாடையின் முகப்பில் அழுத்திக்கொண்டே சுழலும் இடம். இரண்டாவது இடத்தில் போகும் விசை, முதல் இடத்தில் போவதற்குக் கிட்டத்தட்டச் சமம். மரைக்குக் கிரீஸ் தடவிவிட்டுத் தோளை வறட்டு இரும்பாக விடுகிறவர்கள் பாதி வேலைதான் செய்கிறார்கள்.

ஆறில் ஐந்து பங்கு வீணாகும் கருவியை எதற்குக் கொண்டாடுவது என்று கேட்கலாம். அந்த வீண்தான் வைஸை வைஸாக வைத்திருக்கிறது. நீங்கள் ஹேண்டிலை விட்டுவிட்டு அரத்தை எடுக்கப் போகிறீர்கள். 600 கிலோ விசை தாடைகளைப் பிரிக்கத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஆனாலும் ஸ்குரூ பின்னோக்கிச் சுற்றுவதில்லை. காரணம் சாய்வுக் கோணம். 22 மி.மீ. சராசரி விட்டமுள்ள ஸ்குரூவில் ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. ஏற்றம் என்றால், சாய்வு சுமார் 4 பாகை. இரும்பின் மேல் இரும்பு வழுக்க ஆரம்பிக்க, உராய்வுக் குணகம் (இரண்டு பரப்புகள் எவ்வளவு உரசிப் பிடிக்கின்றன என்பதைச் சொல்லும் எண்) 0.15 என்று வைத்தால், சாய்வு எட்டரை பாகையைத் தாண்ட வேண்டும். 4 பாகையில் எதுவும் வழுக்காது. எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் உராய்வும் அதே விகிதத்தில் கூடுவதால், பிடி அப்படியே நிற்கும். இப்படித் தானே பூட்டிக்கொள்ளும் எந்த ஸ்குரூவும், கொடுத்த வேலையில் பாதிக்கு மேல் உராய்வுக்குத் தந்தே தீர வேண்டும். இது வடிவமைப்பின் குறையல்ல, கணிதத்தின் விதி.

எதிர்முனையைப் பார்க்க வேண்டுமானால் கோவையிலேயே கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரம் செய்யும் ஆலைக்குள் போகலாம். அங்கே பால் ஸ்குரூ வைத்திருப்பார்கள். மரைக்கும் நட்டுக்கும் நடுவே எஃகு உருண்டைகள் உருளும். கொடுத்த வேலையில் 90 சதவீதம் வரை பயன்படும். ஆனால் அது தானாகப் பூட்டிக்கொள்ளாது. செங்குத்தாக இயங்கும் அச்சில் மின்சாரம் நின்றால் தலைப்பகுதி சொந்த எடையிலேயே கீழே இறங்கிவிடும். அதைத் தடுக்கத் தனியாக பிரேக் வைக்கிறார்கள். வைஸில் அந்த பிரேக்கின் வேலையை உராய்வு சும்மா செய்து தருகிறது.

துரு ஏறினால் இந்தக் கணக்கு என்ன ஆகும்? உராய்வுக் குணகம் 0.3 அளவுக்குப் போனால், அதே 20 கிலோ அழுத்தத்துக்குக் கிடைக்கும் பிடி 340 கிலோவாகச் சரிகிறது. சுத்தம் செய்து நல்ல கிரீஸ் வைத்துக் குணகத்தை 0.1-க்குக் கொண்டுவந்தால் 870 கிலோ கிடைக்கும். அப்போதும் வழுக்க ஆரம்பிக்கும் கோணம் 5.7 பாகை, சாய்வு 4 பாகை, பூட்டு விடாது. பழுதுபார்ப்பதன் பலன் இதுதான்: அதே கை, அதே ஹேண்டில், இரண்டரை மடங்கு பிடி. பெயின்ட் அடித்துப் பளபளப்பாக்குவது பார்வைக்கு. இந்த இரண்டு உரசும் பரப்புகளைச் சீராக்குவது வேலைக்கு. தாடைத் தகடுகளின் முகத்தில் மட்டும் எண்ணெய் படக்கூடாது. அங்கே உராய்வு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. வெட்டுக் கோடுகள் போட்டிருப்பதும் அதற்காகத்தான்.

சரி, கடையில் எதைப் பார்ப்பது? முதலில் ஹேண்டில். அது வளைந்திருந்தால் யாரோ பைப்பைச் செருகி இறுக்கியிருக்கிறார்கள். 15 செ.மீ. நெம்புகோலை 60 செ.மீ. ஆக்கினால் 600 கிலோ 2,400 கிலோவாகிறது. அதற்கு ஏற்றபடி உடம்பு வார்க்கப்பட்டிருக்காது. பல வைஸ்களில் ஹேண்டில் வேண்டுமென்றே மெல்லிசாக இருக்கும். உடம்பு உடைவதற்கு முன் ஹேண்டில் வளையட்டும் என்று. அப்புறம் ஸ்குரூவை முழுதாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். வேலை பெரும்பாலும் முதல் சில சென்டிமீட்டர் திறப்பிலேயே நடப்பதால், அந்தப் பகுதி மரை மட்டும் கத்தி முனைபோல் கூராகியிருக்கும். மறுகோடி மரை புதிதாக இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் தேய்மானம் தெரிந்துவிடும். நட் தனியாகக் கழலும் வகை என்றால் கவலை வேண்டாம், லேத் பட்டறையில் புதிதாகக் கடைந்து போட்டுக்கொள்ளலாம்.

கவலைப்பட வேண்டியது விரிசலுக்கு. தாடை பொருளைப் பிடிக்கும் இடம் மேலே. ஸ்குரூ இழுக்கும் இடம் பல சென்டிமீட்டர் கீழே. இந்த இடைவெளியால் தாடையின் கழுத்து பின்னோக்கி வளையப் பார்க்கிறது. கழுத்தின் உள்பக்கம் இழுபடுகிறது, வெளிப்பக்கம் அமுக்கப்படுகிறது. சாம்பல் வார்ப்பிரும்புக்கு அமுக்கம் பழக்கம், இழுவை ஆகாது. அதற்குள் இருக்கும் கார்பனில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாகப் பிரிந்து நிற்கிறது. ஒவ்வொரு செதிலின் விளிம்பும், இழுத்தால் பிளக்கத் தயாராக இருக்கும் ஒரு கீறல். அதனால் அமுக்கத்தைத் தாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்குதான் இழுவையைத் தாங்கும். 1943-ல் கீத் மில்லிஸ் என்ற அமெரிக்கர், உருகிய இரும்பில் கொஞ்சம் மக்னீசியம் சேர்த்தால் செதில்கள் உருண்டைகளாகிவிடுகின்றன என்று கண்டார். கோவை பவுண்டரிகளில் எஸ்.ஜி. அயர்ன் என்று சொல்வது அதைத்தான். அது உடைவதற்கு முன் வளைந்து கொடுக்கும். பழைய வைஸ்களில் பெரும்பாலானவை சாம்பல் வார்ப்பிரும்பு. சுத்தியலால் அடித்தால் வளையாது, ஒருநாள் சொல்லாமல் பிளக்கும்.

கண்ணுக்குத் தெரியாத விரிசலைப் பிடிக்க, ரயில்வே பட்டறைகளில் ஒரு காலத்தில் செய்த சோதனையை வீட்டிலேயே செய்யலாம். கழுத்துப் பகுதியைச் சுத்தம் செய்து மண்ணெண்ணெய் தடவிச் சிறிது நேரம் ஊறவிடுங்கள். நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடியைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் கோடாக எழும். கோடு தெரிந்தால் அந்த வைஸ் தராசுக்கே திரும்பிப் போகட்டும். சாதாரண ராடால் வெல்டிங் வைத்தால், சூடேறிச் சட்டென்று குளிரும் ஓரத்தில் கார்பன் கண்ணாடிபோல் நொறுங்கும் கடினப் பொருளாகிவிடும். பக்கத்திலேயே புதிய விரிசல் ஓடும். நிக்கல் ராடு போட்டு, முன்கூட்டியே சூடேற்றி, முடித்ததும் சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிடும் கைதேர்ந்தவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் நேரத்தை ஒரு பம்ப் உறைக்குக் கொடுப்பதுதான் நியாயம்.

துருவுக்கு வருவோம். இரும்பு, தண்ணீர், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்து உண்டாகும் துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். மரைக்கும் நட்டுக்கும் நடுவே அந்த இடம் இல்லை, அதனால்தான் இறுகுகிறது. உப்பு கலந்தால் இன்னும் வேகம். உப்பு நிறையப் புழங்கும் திருப்பூர் சாயப்பட்டறைக் கொட்டகையிலிருந்து வந்த வைஸில் குழிகள் ஆழமாக இருந்தால் ஆச்சரியமில்லை. காங்கேயத்து எண்ணெய் மில்லிலிருந்து வந்தது என்றால், அருவருப்பான பிசுக்குக்கு அடியில் இரும்பு அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம்.

இறுகிய ஸ்குரூவோடு மல்லுக்கட்ட வேண்டாம். முதலில் சூடு. 25 மி.மீ. துளையுள்ள நட்டை 200 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேற்றினால் துளை 0.06 மி.மீ. விரியும். இதைக் கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் துருவின் பிடிப்பு உடைய அது போதும். ஆறிய பிறகு மண்ணெண்ணெய் விட்டு இரவு முழுக்க விடுங்கள். நுண்ணிய இடுக்குகளில் அது தானாக ஏறும். வரிசையை மாற்றி, மண்ணெண்ணெய் விட்டபின் நெருப்பு காட்டக்கூடாது. பிறகு இறுக்கும் பக்கம் கொஞ்சம், கழற்றும் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும்.

கழன்ற பாகங்களுக்கு மின்பகுப்பு நல்ல வழி. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். எதிர்முனையை வைஸ் பாகத்துக்கும், நேர்முனையை வேண்டாத இரும்புத் தகட்டுக்கும் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் வைஸ் கரையும். பாகத்தின் மேல் ஹைட்ரஜன் குமிழிகள் எழும். துருவில் ஒரு பகுதி கருப்பு ஆக்சைடாக மாறிப் பொலபொலவென்று உதிரும். நல்ல இரும்பு தொடப்படாது. மின்சாரம் நேரெதிர் முகத்தில்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால் நடுவில் பாகத்தைத் திருப்பிவைக்க வேண்டும். தகடு எவர்சில்வராக இருக்கக்கூடாது, நச்சான குரோமியம் தண்ணீரில் கலக்கும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பு போட்டால் குளோரின் வரும். ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பற்றும். அறைக்குள் வேண்டாம், திறந்த வெளியில் செய்யுங்கள். பித்தளைப் பாத்திரம் துலக்கும் புளியும் துருவைக் கரைக்கும். அதில் உள்ள டார்ட்டாரிக் அமிலம் இரும்பு அயனிகளைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் அமிலம் நல்ல இரும்பையும் விடாது. சின்ன திருகாணிகளுக்குச் சரி, வைஸ் உடம்புக்கு வேண்டாம். எந்த முறையானாலும், கழுவிய நிமிடமே வெயிலில் உலர்த்தி எண்ணெய் தடவாவிட்டால் கண்ணெதிரே மஞ்சள் துரு மறுபடி படரும்.

பழைய பெயின்ட்டை மட்டும் வறண்ட நிலையில் தேய்க்காதீர்கள். அந்தக் காலத்துச் சிவப்பு அடிப்பூச்சில் ஈயம் இருந்தது வழக்கம். தூசாகப் பறந்தால் நுரையீரலுக்குப் போகும். பெயின்ட் கரைப்பானைத் தடவி ஈரமாகவே சுரண்டி எடுங்கள்.

கடைசியில் பலரையும் திணறடிப்பது தாடைத் தகட்டைப் பிடிக்கும் திருகாணிகள். இந்தியாவில் மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956-ல் வந்தது. அதற்கு முந்தைய பிரிட்டிஷ் வைஸ்களில் பெரும்பாலும் 1841-ல் ஜோசப் விட்வொர்த் வகுத்த 55 பாகை மரைகள் இருக்கும். கால் அங்குலத் திருகாணியில் அங்குலத்துக்கு 20 மரை, அதாவது 1.27 மி.மீ. இடைவெளி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 6 மி.மீ. திருகாணியில் 1 மி.மீ. இடைவெளி, 60 பாகைக் கோணம். ஒன்றரைச் சுற்று அழகாக ஏறும், அப்புறம் மாட்டும். அங்கே பலத்தைக் காட்டினால் துளையின் மரை போய்விடும். பழைய திருகாணியையே துரு நீக்கிப் போடலாம், இல்லையென்றால் மரை அளவியோடு போய் அங்குல அளவில் கேட்டு வாங்கலாம்.

பெஞ்சில் பொருத்தும்போது நிலையான தாடையின் முகம் பலகை விளிம்புக்குச் சற்று வெளியே நிற்கட்டும். நீளமான கம்பியைச் செங்குத்தாகப் பிடிக்க அப்போதுதான் வழி இருக்கும். தாடையின் மேல்விளிம்பு உயரம், நிற்கிறவரின் முழங்கை மட்டம்.