ஆரஞ்சுக் கண்ணாடி எல்லா லேசருக்கும் ஆகாது

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு போன். இறுதியாண்டு மெக்கானிக்கல் படிக்கும் பையன். "அண்ணா, மிஷின் நல்லா ஓடுது. ஆனா வலது கண்ணுல நடுவுல கறுப்பா ஒரு புள்ளி, ரெண்டு நாளா போக மாட்டேங்குது." வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லையாம். அதனால்தான் இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறான்.

பொருள்களில் பொறிக்கவும் வெட்டவும் வீட்டில் கட்டிய லேசர் மிஷினில், நீல ஒளி விடும் டயோடு ஹெட்டை (லேசர் வெளிவரும் பாகம்) கழற்றிவிட்டு, அலுமினிய விசிட்டிங் கார்டில் பெயர் பொறிக்க 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஹெட்டை மாட்டியிருக்கிறான். ஹெட்டை மாற்றியவன் கண்ணாடியை மாற்றவில்லை. லேசர் மிஷின் சர்வீஸ்தான் என் பிழைப்பு. இந்த வருடம் எனக்கு வந்த மூன்றாவது போன் இது.

"கண்ணாடி போட்டிருந்தேனே அண்ணா" என்கிறான். எந்தக் கண்ணாடி, தம்பி? நீல டயோடோடு வந்த ஆரஞ்சுக் கண்ணாடி 445, 455 நானோமீட்டர் ஒளியைத்தான் தடுக்கும். 1064 அதன் வழியே தாராளமாக உள்ளே போகும். நீலம் என்றால் கண் கூசும், இமை தானாக மூடும். அகச்சிவப்பு கண்ணுக்கே தெரியாது, இமையும் மூடாது. ஆனால் கண்ணின் லென்ஸ் அதையும் குவித்து விழித்திரையில் ஒரே புள்ளியில் இறக்கிவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது. நேராகப் பார்க்கவே வேண்டாம். பளபளக்கும் அலுமினியத்தில் பட்டுத் தெறிப்பது போதும்.

இதற்கு நேர்மாறான தப்பும் நடக்கிறது. கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10,600 நானோமீட்டரைச் சாதாரண பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கே தடுத்துவிடும். அந்த லேசர் ஓடும் கட்டிங் கடையில் வெள்ளைக் கண்ணாடியோடு வேலை நடப்பதைப் பார்த்துவிட்டு, அதையே வாங்கி நீல டயோடு முன்னால் உட்காருகிறார்கள். நிறத்தைப் பார்க்காதீர்கள். நல்ல கண்ணாடியில் எந்த அலைநீளத்துக்கு எவ்வளவு ஓ.டி. (OD, ஒளியைத் தடுக்கும் அளவு) என்று அச்சிட்டிருக்கும். உங்கள் லேசரின் எண் அதில் இல்லையென்றால் அது வெறும் பிளாஸ்டிக்.

ஆகவே லேசர் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது அலைநீளம். மரம், அட்டை, தோல் என்றால் நீல டயோடு போதும். நிறமில்லாத அக்ரிலிக்கை அது வெட்டாது. ஒளி ஊடுருவிப்போய் அடியில் இருப்பதைக் கருக்கும். அக்ரிலிக்குக்குக் கார்பன் டை ஆக்சைடு டியூப். வெறும் உலோகத்தில் பொறிக்க 1064. ரெக்ஸினை எதிலும் வெட்டாதீர்கள். பெரும்பாலும் அது பிவிசி, வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கும். உங்கள் நுரையீரலும் போகும், மிஷினில் ஹெட் ஓடும் ரெயிலும் துருப்பிடிக்கும்.

வாட் பற்றி ஒன்று. பெட்டியில் 40 வாட் என்றிருக்கும், கூட வரும் அடாப்டர் 12 வோல்ட் 2 ஆம்பியர். உள்ளே போவதே 24 வாட், வெளியே 40 எப்படி வரும்? ஒற்றை நீல டயோடு தருவது 5, 6 வாட் ஒளிதான். 20 வாட் ஹெட்டுக்குள் நான்கு டயோடுகளைச் சேர்த்திருப்பார்கள். "ஒளியாக எத்தனை வாட்?" என்று கேளுங்கள். அந்த ஐந்து வாட்டே லேசர்களில் ஆபத்து மிகுந்த நான்காம் வகுப்பு. அந்த வகுப்பு அரை வாட்டைத் தாண்டினாலே தொடங்கிவிடும்.

டியூப் பக்கம் போகிறவர்கள் எர்த் இல்லாமல் ஆன் செய்யவே கூடாது. அது இருபதாயிரம் வோல்ட் அளவில் ஓடுவது. டியூபைக் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே சுவிட்ச்.

எதை வாங்கினாலும் மூடி போட்ட பெட்டிக்குள் வையுங்கள், மூடி திறந்தால் லேசர் அணையும்படி ஒரு சுவிட்ச் வையுங்கள். ஹாலில் குழந்தைகள் நடமாடும் இடத்தில் திறந்த சட்டத்தோடு ஓட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கண்ணாடி உங்கள் முகத்தில்தான் இருக்கிறது, அவர்கள் முகத்தில் இல்லை.

கண்ணில் புள்ளி தெரிந்தால் எனக்குப் போன் செய்ய வேண்டாம். அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போய், லேசர் பட்டது, இத்தனை நானோமீட்டர், இத்தனை வாட் என்று சொல்லுங்கள்.