3.1 சதவீதம் எப்படிப் பூஜ்யமானது?

2025 பிப்ரவரியில் '2024 ஒய்ஆர்4' என்ற சிறுகோள் செய்திகளில் அடிபட்டது நினைவிருக்கும். 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோத 1 சதவீதம் வாய்ப்பு என்றார்கள். அப்புறம் 2 என்றார்கள். பிப்ரவரி 18-இல் நாசாவின் கணக்கு 3.1-ஐத் தொட்டது. இரண்டே நாளில் 0.28. மாதம் முடிவதற்குள் ஏறக்குறைய ஒன்றுமில்லை. "ஆபத்து இல்லையென்றால் ஏன் ஏறியது? எதையாவது மறைக்கிறார்களா?" என்று ஒரு வாசகர் கேட்கிறார். முதல் கேள்வி அருமையானது. இரண்டாவதற்கு ஒரே வரி: நாசாவும் ஐரோப்பிய விண்வெளி முகமையும் தனித்தனியே கணக்குப் போடுகின்றன, தரவுகள் பொதுவெளியில் கிடக்கின்றன, மறைக்க வழியில்லை.

ஈர்ப்பு விசை, நீள்வட்டப் பாதை எல்லாம் பள்ளியில் படித்ததுதான், தாண்டிவிடுவோம். தொலைநோக்கிப் படத்தில் சிறுகோள் வெறும் புள்ளி. எந்தத் திசையில் இருக்கிறது என்று அது சொல்லும், எவ்வளவு தூரத்தில் என்று சொல்லாது. பல இரவுகள் படமெடுத்து, நட்சத்திரங்களுக்கு நடுவே அந்தப் புள்ளி நகர்ந்த விதத்தை வைத்தே தூரத்தையும் வேகத்தையும் பிடிக்க வேண்டும். ஒய்ஆர்4 நம்மைக் கடந்துவிட்டு ஏறக்குறைய நேர்கோட்டில் விலகிப் போய்க்கொண்டிருந்தது. பக்கவாட்டில் அதிகம் நகரவில்லை. அதனால் வேகத்தில் கொஞ்சம் சந்தேகம் மிஞ்சியது.

விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். எறும்பு கூட இதைவிட வேகமாகப் போகும். எட்டு ஆண்டுக்குச் சுமார் 25 கோடி விநாடிகள். பெருக்கினால் 250 கிலோமீட்டர். சுற்றும் காலமும் சேர்ந்து மாறுவதால் உண்மையில் இன்னும் கூடும். இதில் அழகான விஷயம், இந்தப் பிழை எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி வளர்வதில்லை. பாதை எங்கே போகிறது என்பது ஓரளவு நன்றாகவே தெரிந்துவிடும். அந்தப் பாதையில் சிறுகோள் சற்று முன்னே வருமா, பின்தங்கி வருமா என்பதில்தான் குழப்பம். ஆகவே அந்த டிசம்பர் நாளில் அது இருக்கக்கூடிய இடங்களையெல்லாம் குறித்தால் நீண்டு மெலிந்த ஒரு கோடு கிடைக்கும்.

கணக்குக்கு வசதியாக, அந்தக் கோட்டின் நீளம் 12.7 லட்சம் கிலோமீட்டர் என்போம். பூமியின் விட்டம் சுமார் 12,700. கோட்டில் நூற்றில் ஒரு பங்கைப் பூமி அடைத்துக்கொள்கிறது: 1 சதவீதம். புதிய படங்கள் வந்து கோடு 4 லட்சமாகச் சுருங்குகிறது. பூமி இன்னும் அதற்குள்ளேயே இருக்கிறது. இப்போது 3 சதவீதம்! பூமி பெரிதாகவில்லை, சிறுகோளும் பாதை மாறவில்லை. நம் அறியாமை சுருங்கியது, அவ்வளவுதான். மேலும் சுருங்கும்போது கோட்டின் முனை பூமியை விட்டு விலகிவிடும், வாய்ப்பு சடசடவென்று சரியும். நிஜமாகவே மோத வருகிற கல் என்றால் 100 வரை ஏறிக்கொண்டே போகும். சங்கடம் என்னவென்றால், ஏறுகிற கட்டத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

நடுவில் தைப்பூசத்தை ஒட்டிய பௌர்ணமி வேறு. நிலா வெளிச்சத்தில் அந்த மங்கல் புள்ளியைப் பிடிப்பது சிரமமானது. நிலா தேய்ந்த பிறகு வந்த தரவுகள்தான் கோட்டைக் கத்தரித்தன.

2004 டிசம்பரில் அபோஃபிஸ் சிறுகோளுக்கும் இதே கதை, 2.7 சதவீதம் வரை போனது. அதை இறக்கியவை பழைய படங்கள். அந்த ஆண்டு மார்ச்சில் எடுத்து, யாரும் கவனிக்காமல் கிடந்த படங்களில் அந்தப் புள்ளி பதிவாகியிருந்தது. 2029 ஏப்ரல் 13 அன்று அது சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில், புவிநிலைச் செயற்கைக்கோள்களைவிட நெருக்கமாக, நம்மைக் கடந்து போகும். வெள்ளிக்கிழமை, 13-ஆம் தேதி வேறு. பரிகாரம் சொல்ல இப்போதே ஆட்கள் தயாராகியிருப்பார்கள். புதிய தரவு வந்ததும் தன் கணிப்பைத் திருத்திக்கொண்ட ஜோதிடரை நான் இன்னும் பார்க்கவில்லை.

என்னை உறுத்துவது வேறு. ஒய்ஆர்4 பூமியை நெருங்கி வந்தது 2024 டிசம்பர் 25-இல். சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி அதைக் கண்டது 27-இல், அதாவது கடந்து போன பிறகு. 2013-இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மேலே வெடித்த கல்லோ சூரியன் இருக்கும் திசையிலிருந்து வந்தது. முன்கூட்டி யாரும் பார்க்கவில்லை. சூரியனுக்கு நெருக்கமான வானத்தையும் விண்வெளியிலிருந்து அகச்சிவப்பில் துழாவ நாசா உருவாக்கிவரும் நியோ சர்வேயர் தொலைநோக்கியை 2027-இல் ஏவத் திட்டமிட்டிருக்கிறார்கள். எந்த அரசு செலவைக் குறைக்கத் தொடங்கினாலும் இந்த மாதிரித் திட்டத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது என்பேன்.