வால்வு மாற்றிய பிறகு வீடா, வேறு இடமா?

இதய வால்வு மாற்று அறுவை முடிந்து நான்கு நாள் ஆன ஒரு பெரியவரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 78. அமெரிக்காவில் ஓர் ஆஸ்பத்திரி. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பிசியோதெரபிஸ்ட் ஒரு சின்னத் தலையணையைக் கொடுத்து, "இதை நெஞ்சோடு அணைச்சுக்குங்க. கையை ஊன்றாம எழுந்திருங்க, பார்க்கலாம்" என்கிறார். எழுந்துவிட்டால் வீட்டுக்குப் போக வாய்ப்பு அதிகம். முடியாவிட்டால் அடுத்த சில வாரங்கள் வேறொரு கட்டடத்தில் கழியலாம்.

புது வால்வைப் பற்றி இப்போது யாருக்கும் கவலை இல்லை. எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்து, நன்றாகத் திறந்து மூடுகிறது என்று சொல்லிவிட்டார்கள். அவர் இனி எங்கே போவார் என்பது பெரும்பாலும் நெஞ்செலும்பையும் தொடைத் தசையையும் பொறுத்த விஷயம்.

வழக்கமான அறுவையில் நெஞ்சின் நடு எலும்பை மேலிருந்து கீழாக ரம்பத்தால் பிளந்துதான் இதயத்தைத் தொடுகிறார்கள். வேலை முடிந்ததும் இரண்டு பாதியையும் சேர்த்து எஃகுக் கம்பியால் கட்டுகிறார்கள். கை உடைந்தால் மாவுக்கட்டு போட்டு அசையாமல் வைக்கலாம். நெஞ்செலும்பை அப்படி வைக்க வழியில்லை, ஒவ்வொரு மூச்சுக்கும் அது அசையும். ஓரளவு ஒட்டிப் பிடிக்க 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை சுமார் 4.5 கிலோவுக்கு மேல் தூக்காதீர்கள், கையை ஊன்றி எழாதீர்கள், கார் ஓட்டாதீர்கள் என்பார்கள். இந்தக் கட்டுப்பாடுகளைச் சில ஆஸ்பத்திரிகள் இப்போது கொஞ்சம் தளர்த்தியிருக்கின்றன. இருமல் வரும்போது நெஞ்சை அழுத்திப் பிடிக்கத்தான் அந்தத் தலையணை.

வயதானவர்கள் எப்படி எழுகிறார்கள் என்று வீட்டில் கவனித்துப் பாருங்கள். நாற்காலிக் கைப்பிடியை அழுத்தி, கை பலத்தில்தான் எழுவார்கள். அந்தப் பலத்தை எடுத்துவிட்டால் முழுப் பாரமும் தொடைக்கு வருகிறது. தொடையோ படுக்கையில் கிடந்து இளைத்திருக்கிறது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக 67 வயதான ஆரோக்கியமானவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்துவிட்டது. நோயே இல்லாதவர்களுக்கு இந்த நிலை என்றால், பெரிய அறுவை முடிந்து பசியும் தூக்கமும் கெட்டுக் கிடப்பவருக்கு எப்படி இருக்கும்!

இதனால்தான் அறுவைக்கு முன்பே நடக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். 5 மீட்டர் தூரம், கையில் ஒரு ஸ்டாப்வாட்ச், அவ்வளவுதான் சோதனை. 70 வயதைத் தாண்டிய இதய அறுவை நோயாளிகளிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வில், அந்தத் தூரத்தைக் கடக்க 6 விநாடியோ அதற்கு மேலோ எடுத்தவர்களுக்கு மரணமோ பெரிய சிக்கலோ வரும் ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. வீட்டுக்குப் போகாமல் வேறொரு பராமரிப்பு இடத்துக்கு அனுப்பப்படும் வாய்ப்பும் அவர்களுக்குத்தான் அதிகம்.

அறுவைக்குப் பிறகு பல ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபிஸ்ட் ஆறே கேள்விகள் உள்ள ஒரு படிவத்தை நிரப்புகிறார். படுக்கையில் புரள முடிகிறதா, எழுந்து உட்கார முடிகிறதா, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற முடிகிறதா, நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா, அறைக்குள் நடக்க முடிகிறதா, கைப்பிடியைப் பிடித்து மூன்று முதல் ஐந்து படி ஏற முடிகிறதா. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 24. எண் குறையக் குறைய, நேராக வீட்டுக்கு அனுப்பத் தயங்குவார்கள்.

வீட்டுக்கு இல்லையென்றால் எங்கே? தெம்பு இருந்து தீவிரப் பயிற்சி தேவைப்படுபவர்களுக்கு மறுவாழ்வு மருத்துவமனை. அங்கே பொதுவாக நாளுக்கு 3 மணி நேரம், வாரத்தில் 5 நாள் பயிற்சி. அதைத் தாங்க முடியாதவர்களுக்கு, மெதுவாகத் தேற்றிவிடும் செவிலியர் பராமரிப்பு மையம். அமெரிக்கர்கள் பேச்சில் நர்சிங் ஹோம் என்றுகூடச் சொல்வார்கள். நம் ஊரில் அந்தப் பெயருக்குச் சின்ன ஆஸ்பத்திரி என்று அர்த்தம், அங்கே அப்படி இல்லை. இவை இரண்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு: வீட்டுக்கே போய்விடலாம், வாரத்தில் சில நாள் நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் தேடி வருவார்கள்.

உடம்பு தேறியும் வீட்டில் துணைக்கு ஆள் இல்லாததால் மையத்துக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். என்னை அதிகம் வருத்துவது இதுதான். நம் பக்கம் டிஸ்சார்ஜ் என்றாலே வீடுதான். நர்ஸ் வேலையையும் பிசியோ வேலையையும் மனைவியோ மகளோ மருமகளோ பார்க்கிறார்கள், பெரும்பாலும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே.

இந்தக் கணக்கை எல்லாம் மாற்றிப்போட்ட நாள் 2002 ஏப்ரல் 16. பிரான்ஸின் ரூவான் நகரில் அலென் கிரிபியே என்ற இதய மருத்துவர், நெஞ்சைத் திறக்காமல், குழாய் வழியாக அயோர்ட்டிக் வால்வை, அதாவது இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலில் உள்ள வால்வை, முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தினார். அமெரிக்காவில் 2011இல் அறுவையைத் தாங்க முடியாதவர்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. 2019இல் அறுவை ஆபத்து குறைந்தவர்களுக்கும் கிடைத்தது. இப்போது பெரும்பாலும் தொடை ரத்தக்குழாய் வழியாகத்தான் செய்கிறார்கள். எலும்பை வெட்டுவதில்லை, அதனால் கையை ஊன்றத் தடையும் இல்லை. பலர் அன்று மாலையே நடந்து, மறுநாள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஓர் இரவு வைத்திருக்க முக்கியக் காரணம் உண்டு. இதயத்தின் மின்பாதை அந்த வால்வை ஒட்டியே போகிறது, புது வால்வு அதை அழுத்தினால் துடிப்பு தடைப்பட்டு, அதைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி தேவைப்படலாம்.

இதில் ஒரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேரின் வழக்கமான விதிப்படி, தொடர்ந்து 3 நாள் உள்நோயாளியாக இருந்தவருக்குத்தான் செவிலியர் மையச் செலவு கிடைக்கும். முதல் 20 நாள் முழுதாக, 21ஆம் நாளிலிருந்து 100 வரை நோயாளியும் பங்கு போட வேண்டும். ஒரே இரவில் டிஸ்சார்ஜ் ஆன 85 வயதுத் தனியாள், வால்வு சரியாகிவிட்டாலும் கால் நடுங்குகிறது என்றால், அந்தக் கதவு அவருக்குத் திறக்காமல் போகலாம். எலும்பு வெட்டாதது நல்லதுதான். ஆனால் அறுவைக்கு முன்பே இளைத்திருந்த காலை எந்தக் குழாயும் ஒரே நாளில் பலப்படுத்திவிடாது.

அதனால் அறுவைத் தேதி குறித்ததுமே வீட்டுக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. முதல் இரண்டு வாரம் கூட யார் இருப்பது? சோபா தாழ்வாக இருக்கிறதா? கழிவறைக்குப் படி ஏற வேண்டுமா? எடை பார்க்கும் கருவி இருக்கிறதா? அந்தக் கருவி அவசியம். காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும் எடை பார்த்துக் குறித்துவைக்கச் சொல்வார்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சாப்பாட்டால் வந்த எடையாக இருக்காது, உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது என்று அர்த்தம். கால் வீங்கும்வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.