ஒனொமா: கிரேக்கர் சொன்ன ‘பெயர்’

பழைய கிரேக்க மொழியில் பெயரைக் குறிக்கும் சொல் ‘ஒனொமா’. சமஸ்கிருத ‘நாமன்’, லத்தீன் ‘நோமென்’ இரண்டும் இதோடு ஒரே வேரில் பிறந்தவை. நாம் சமஸ்கிருதத்திலிருந்து வாங்கிக்கொண்ட ‘நாமம்’ அந்த வகையில் ஒனொமாவுக்குத் தூரத்துச் சொந்தம். ‘பெயர்’ அந்தக் குடும்பமே இல்லை. ஆனால் ஒனொமாவுக்கு ஈடாக நிற்பது அதுதான். ஆளைக் கூப்பிடும் பெயருக்கும் இலக்கணத்தின் பெயர்ச்சொல்லுக்கும் கிரேக்கர் ஒனொமா என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டார்கள், வினைச்சொல் ‘ரேமா’. தொல்காப்பியமும் சொல்லை முதலில் பெயர், வினை என்றுதான் பிரிக்கிறது.

அனானிமஸ், சினானிம் என்று ஆங்கிலம் வழியாக நமக்கு வந்த சொற்களின் வாலில் இருப்பதும் இதே ஒனொமாதான். டோரிக், ஏயோலிக் வட்டார வழக்குகளில் அது ‘ஒனுமா’ என்று ஒலித்தது. கூட்டுச்சொற்களில் அந்த உருவம் தங்கிவிட்டது.

‘அனோனுமோஸ்’ என்றால் பெயர் இல்லாதவர். ஹோமரின் ஒடிசி காவியத்தின் எட்டாம் பகுதியில், யாரென்று சொல்லாமல் விருந்துண்ணும் ஒடிசியஸிடம் அரசன் அல்கினோஸ், ‘பிறந்த எவரும் அனோனுமோஸ் இல்லை, பெற்றவர்கள் எல்லோருக்கும் பெயர் வைத்துவிடுகிறார்கள்’ என்கிறான். நம் ‘அநாமதேயம்’ கிட்டத்தட்ட இதே கட்டுமானம்: எதிர்மறை முன்னொட்டு, அப்புறம் பெயர். நல்ல தமிழில் பெயரிலி. கடிதமென்றால் மொட்டைக் கடிதம். அதை மாற்றத் தேவையில்லை.

குழப்பம் தருவது ‘எபோனுமோஸ்’. இன்று எபோனிம் என்றால், ஒன்றுக்குத் தன் பெயரைக் கொடுத்தவர். மின்னழுத்தத்தின் அலகான வோல்ட்டுக்கு வோல்ட்டா என்ற இத்தாலியர் எபோனிம். ஹோமரிடம் பொருள் வேறு. ஒடிசி 19ஆம் பகுதியில் தாதி யூரிக்ளியா, பிறந்த குழந்தையைக் கொண்டுவந்து தாய்வழித் தாத்தா ஆட்டோலிகஸின் மடியில் வைக்கிறாள். ‘நீங்களே பெயர் சொல்லுங்கள், வேண்டிப் பெற்ற பிள்ளை’ என்கிறாள். அந்தச் சாக்கில் ஒரு மங்கலமான பெயரை அவளே எடுத்துக் கொடுக்கவும் பார்க்கிறாள். தாத்தா பிடிகொடுக்கவில்லை. ‘நான் எத்தனையோ ஆண் பெண்களோடு பகைத்துக்கொண்டு இங்கே வந்திருக்கிறேன். அதனால் இவன் பெயர் ஒடிசியஸ், எபோனுமோன்’ என்கிறார். பகை, சினம் என்று பொருள்படும் ‘ஒடுஸ்ஸோமாய்’ என்ற வினையை வைத்துக் கட்டிய பெயர் அது. ஆக, ஹோமரின் எபோனுமோனுக்குத் தமிழ் தேட வேண்டியதே இல்லை: காரணப்பெயர்.

பிறகுதான் ஏதென்ஸில் சொல் திசை மாறியது. கி.மு. 508-507இல் அரசியல் தலைவர் கிளைஸ்தனீஸ் குடிமக்களைப் பத்துப் பிரிவுகளாக அமைத்தபோது, 100 பழங்கதை வீரர்களின் பெயர்கள் டெல்பி கோயிலுக்குப் போயின. அங்குள்ள அருள்வாக்கு அவற்றிலிருந்து பத்தைத் தேர்ந்தெடுத்தது. பிரிவுகளுக்குப் பெயர் தந்த அந்தப் பத்துப் பேரும் ‘எபோனுமோய்’. அகோரா என்ற சந்தைச் சதுக்கத்தில் நின்ற அவர்கள் சிலைகளின் பீடம்தான் நகரத்தின் அறிவிப்புப் பலகை. படைக்கு அழைக்கப்பட்டவர்களின் பட்டியல், புதுச் சட்ட முன்மொழிவு எல்லாம் அங்கேதான் தொங்கும். ஆண்டைக் குறிக்கவும் இன்னார் ஆர்கோன் என்ற உயர் அதிகாரியாக இருந்த ஆண்டு என்றே சொல்வார்கள். அந்த அதிகாரிக்கும் பின்னாளில் எபோனுமோஸ் என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டது.

இந்தப் பொருளுக்குத் தமிழில் நிலைத்த சொல் இல்லை. ‘பெயர்வழி’ என்று வைக்கலாமென்றால் ‘பேர்வழி’ வந்து குறுக்கே நிற்கிறார். ஆளுக்குப் ‘பெயர்தந்தோர்’ என்பது என் தேர்வு.

மற்றவற்றில் ‘மெத்தோனுமியா’வுக்கு ஆகுபெயர் அச்சாகப் பொருந்தும். ‘ப்ஸியூதோனுமோஸ்’ நேர்ப்பொருளில் பொய்ப்பெயர். எழுத்தாளர்களைப் பொய்யர் ஆக்காமல் புனைபெயர் என்றே சொல்வோம். ‘சுனோனுமோஸ்’ என்பதற்கு ஒருபொருட்பன்மொழி என்று பலர் எழுதுகிறார்கள். நன்னூலில் அது ஒரே பொருளுள்ள சொற்கள் அடுத்தடுத்து வருவது, ‘மீமிசை’ போல. நம் தெருவில் சொல்லும் ‘நடு சென்டர்’ அந்த வகை. சினானிமுக்கு ‘ஒருபொருட்சொல்’ போதும்.

‘பத்ரோனுமிகோன்’ என்பது தந்தைவழிப் பெயர். ஹோமரில் பீலியஸ் மகன் அகிலீஸ் ‘பீலெய்தேஸ்’. ஏதென்ஸ்காரர் முழுப்பெயரில் சொந்தப் பெயர், தந்தை பெயர், ஊர்ப்பிரிவு மூன்றும் வரும்: சாந்திப்பஸ் மகன், கொலார்கோஸ் பெரிக்ளிஸ். மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர் வைப்பது அங்கும் வழக்கம். நம் பேரன், அதாவது பெயரன், மாதிரியே. இதனால் ஒரு வழக்கே நடந்தது. ஏதென்ஸ் சொற்பொழிவாளர் டெமொஸ்தனீஸின் 39ஆம் உரை அதற்காக எழுதியது. தோரிகோஸைச் சேர்ந்த மந்தியாஸ், இன்னொரு பெண்ணிடம் பிறந்தவனை போயோட்டஸ் என்று பதிந்திருந்தார். அவர் இறந்ததும் அவன் தாத்தா பெயரான மந்திதியஸைத் தனக்குச் சூட்டிக்கொண்டான். ஏற்கெனவே மந்திதியஸாக இருந்த மகன் நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்டான்: பெயர், தந்தை, ஊர் மூன்றும் ஒன்றாக இருந்தால் பதவிக்குச் சீட்டு விழுவது எங்களில் யாருக்கு? அபராதம் கட்டுவது யார்?