கேன் தகடு ஷிம் ஆகாது, தம்பி

போன சனிக்கிழமை வந்த பையனுக்கு மோவாயில் ஐந்து தையல். சைக்கிளை அவன் மாமா தள்ளிக்கொண்டு வந்தார். ஆளுயர ஹேண்டில்பார் முன்னால் கவிழ்ந்து, கிரிப் இரண்டும் சக்கரத்தைப் பார்த்துத் தொங்கின. "போல்ட் லூஸ் போல இருக்கு, கொஞ்சம் டைட் வச்சுக் கொடுங்க" என்றார்.

போல்ட் லூஸ் இல்லை. எல்-கீ போட்டுத் திருப்பவே பைப் மாட்ட வேண்டியிருந்தது. ஸ்டெம்மைக் (ஹேண்டில்பாரைக் கவ்வி, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கோடு சேர்க்கும் துண்டு) கழற்றினால், உள்ளே கூல்டிரிங்ஸ் கேனை வெட்டி, ஷிம் (இடைவெளியை நிரப்பும் வளையம்) மாதிரி நாலு சுற்று சுற்றியிருக்கிறார்கள். சிவப்பு எழுத்து பாதி தேய்ந்து, தகடு வெற்றிலை மாதிரி மடிந்து கிடந்தது. இந்த வருடம் என் பட்டறைக்கு வந்ததில் இது மூன்றாவது. அதனால்தான் எழுதுகிறேன்.

க்ரூஸர், அதாவது உயரமான ஹேண்டில்பார் வைத்த சைக்கிள், கட்டுகிற பசங்க எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, நல்லா இறுக்கினா பிடிச்சுக்கும்." பிடிக்காது. ஹேண்டில்பாரை ஸ்டெம் கவ்வும் இடத்துக்கு அளவு உண்டு. உயரமான க்ரூஸர் பாரிலும், பிஎம்எக்ஸ் என்ற சாகச சைக்கிளின் பாரிலும் அது பெரும்பாலும் 22.2 மி.மீ. சாதாரண ஸ்டெம்மின் வாய் 25.4. பழைய ரேஸ் சைக்கிளில் 26.0, இப்போதைய எம்டிபியில் (மலை சைக்கிள்) பெரும்பாலும் 31.8. கண்ணால் பார்த்து 25.4-ஐயும் 26.0-ஐயும் நானே பிரித்துச் சொல்ல மாட்டேன். வெர்னியர் அளவுகோல் வைத்துத்தான் பார்ப்பேன்.

22.2 பாரை 25.4 வாயில் போட்டால் சுற்றிலும் 1.6 மி.மீ. இடைவெளி. கேன் தகடு ஏறக்குறைய 0.1 மி.மீ. நாலு சுற்று சுற்றினாலும் கால்வாசிதான் நிரம்பும். மிச்சத்தை போல்ட்டை இறுக்கி நெருக்குகிறீர்கள். அப்போது ஸ்டெம் வாயின் பிளவுக்கு இருபுறமும் போல்ட் ஏறும் இரண்டு காதும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். முட்டிய பிறகு எவ்வளவு இறுக்கினாலும் காதும் காதும்தான் மல்லுக்கட்டும், பார் மேல் ஒரு பிடியும் கூடாது. உங்கள் கைக்கு மட்டும் "செம டைட்" என்று தெரியும். அந்தப் பையனின் ஸ்டெம்மில் காதுக்கு நடுவே ஒரு காகிதம் கூட நுழையவில்லை.

இதில் பார் உயரமாக வேறு இருக்கிறது. கவ்வும் இடத்திலிருந்து கை 40 செ.மீ. மேலே. பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னால் சாய்ந்து கை 10 கிலோ அழுத்தம் கொடுத்தால் போதும், 11 மி.மீ. ஆரமுள்ள குழாயின் மேற்பரப்பில் அது 360 கிலோவாக விழும். தட்டையான பாரில் ஒன்றுமே ஆகாமல் போயிருக்கும் அதே தப்பு, இங்கே மோவாயைக் கிழிக்கிறது. நாய் குறுக்கே வந்ததாம். நாய் மேல் தப்பில்லை.

1963-ல் அமெரிக்காவின் ஷ்வின் கம்பெனி ஸ்டிங்-ரே சைக்கிளை விற்பனைக்கு விட்டதே, கலிஃபோர்னியா பசங்க சின்ன சைக்கிளில் உயரமான பாரை மாட்டிச் சுற்றியதைப் பார்த்துத்தான். ஆசை புதுசில்லை, நான் தடுக்கவும் இல்லை. ஆனால் பாருக்கேற்ற ஸ்டெம் வாங்குங்கள். கிடைக்கவில்லையா, 22.2-லிருந்து 25.4-க்கு ஒரே பிளவுள்ள அலுமினிய ஷிம் இருக்கிறது, ஸ்டெம்மின் வாய் அகலம் முழுக்க உட்காருவதாகப் பார்த்து வாங்குங்கள். டியூப் ரப்பர், தகரம், இன்சுலேஷன் டேப் எதுவும் வேண்டாம். தயவுசெய்து.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

உயரம் போதவில்லை என்று ஸ்டெம்மை மேலே உருவாதீர்கள். அதன் கழுத்தில் ஒரு கோடு இருக்கும். அது வெளியே தெரிந்தால், உள்ளே விரிகிற ஆப்பு ஃபோர்க் குழாயின் மரை வெட்டிய மெலிந்த பகுதியில் போய் உட்காரும். அந்த இடம் விரிசல் விட்டால் ஹேண்டில் கையோடு வந்துவிடும்.

கேட் வெல்டிங் கடையில் பாரை ஒட்டி நீட்டாதீர்கள். இரும்பு ஒட்டும்தான், ஆனால் ஒட்டுக்குப் பக்கத்தில்தான் பிறகு விரிசல் ஓடும். குரோம் பூச்சைத் தேய்த்து எடுக்காமல் வெல்டிங் வைத்தால் அந்தப் புகை வைப்பவருக்கும் விஷம். (எங்கள் தெரு வெல்டர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார். நான் சொல்வதை நிறுத்தப்போவதில்லை.) அலுமினியப் பாரை வெல்டும் செய்யக்கூடாது, சூடு காட்டியும் வளைக்கக்கூடாது. விழுந்து வளைந்த அலுமினியப் பாரை நிமிர்த்துவதும் கூடாது. இரும்பு முதலில் வளைந்து காட்டும், அலுமினியம் முன்கூட்டிச் சொல்லாமல் முறியும்.

ஓரம் வெட்டலாம், அதில் ஆபத்து குறைவு. இரண்டு பக்கமும் 2 செ.மீ. வெட்டி, ஓட்டிப் பார்த்து, பிறகு மறுபடி வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. பிசிறை அரம் போட்டு எடுத்து, முனையில் கட்டாயம் அடைப்பான் மாட்டுங்கள். திறந்த குழாய் முனை வயிற்றில் குத்தினால் வெளியே ஒரு வட்டத் தழும்புதான் தெரியும், உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கணையமோ அடிபட்டிருக்கும். குழந்தை மருத்துவர்களுக்கு இந்தக் காயம் நன்றாகத் தெரியும். தம்பி தங்கச்சி அந்த சைக்கிளை எடுக்க மாட்டார்கள் என்று எந்த வீட்டிலும் சொல்ல முடியாது.

பார் உயர்ந்தால் பிரேக் ஒயரும் நீளமாக வேண்டும். பழைய ஒயரையே இழுத்து மாட்டினால் திருப்பத்தில் தானாகப் பிரேக் பிடிக்கும். முன்சக்கரத்தைத் தூக்கி, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள்.

எல்லாம் மாட்டியதும் கடைசியாக ஒரு வேலை. முன்னால் நின்று சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவே இறுக்கிக்கொண்டு, கிரிப் இரண்டையும் பிடித்துக் கீழே அமுக்குங்கள், மேலே இழுங்கள். யார் மேலாவது கோபம் இருந்தால் அதை நினைத்துக்கொண்டே செய்யுங்கள். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஏறி உட்காராதீர்கள். தள்ளிக்கொண்டே வாருங்கள், அளந்து சொல்ல நான் காசு வாங்குவதில்லை.